ஆறு கட்டை

மூன்றாவது கல்லூரியின் பதில் வியாழக்கிழமை காலை பத்தே காலுக்கு வந்தது. நான் அலுவலகத்தில் இருந்தேன். மண் பரிசோதனை நிலையம். வடகரையிலிருந்து ஒருவர் கொண்டுவந்த வயல் மண்ணைச் சலித்துக்கொண்டிருந்தேன்.

அகிலா அந்தப் பதிலை அப்படியே எனக்கு அனுப்பியிருந்தாள். தன் சொல்லாக எதுவும் சேர்க்கவில்லை. ஆங்கிலத்தில் நான்கு வரி. விண்ணப்பித்ததற்கு நன்றி, இந்த ஆண்டு போட்டி கடுமையாக இருந்தது, வருந்துகிறோம், எதிர்காலத்துக்கு வாழ்த்துகள். முதல் இரண்டு கல்லூரிகளும் இதே வரிசையில்தான் எழுதியிருந்தன.

'பார்த்தேன்' என்று பதில் போட்டேன். அடுத்த பொட்டலத்தைப் பிரித்தேன்.

அகிலா என் மனைவியின் தங்கை. முழுப் பெயர் அகிலாண்டேஸ்வரி. பதினெட்டு வயது. என் மனைவி ஜோதிலட்சுமி இறந்து பதினான்கு மாதம் ஆகிறது. நான்கு நாள் காய்ச்சல். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

ஜோதி பாட்டு டீச்சர். பகலில் தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. மாலையில் மேலகரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பாள். எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பிருந்தே அகிலா அவளிடம் படித்தாள். பின்பு தென்காசியிலிருந்து சைக்கிளில் வந்தாள். ஜோதி போன பிறகு மற்ற பிள்ளைகள் வேறு டீச்சரிடம் போய்விட்டார்கள். அகிலா போகவில்லை. போகச் சொல்லி வீட்டில் யாரும் சொல்லவும் இல்லை. அக்கா சொல்லிக்கொடுத்த பாட்டுகளையே தினமும் பாடினாள்.

பிளஸ் டூ முடித்ததும் இசைக் கல்லூரியில் சேர வேண்டும் என்றாள். அவள் அப்பா, என் மாமா, ஒரு ஏற்பாட்டுக்கு ஒத்துக்கொண்டார். நான்கு கல்லூரிகளுக்கு எழுதலாம். நான்கிலும் இல்லை என்றால் தென்காசியிலேயே பி.காம். மாமாவின் பெயர் பால்வண்ணநாதன். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் இரண்டு வரியில் முடிப்பார். பி.காம். இடத்தையும் வாங்கி வைத்துவிட்டார். ஜூலை முதல் வாரம் சேர வேண்டும்.

சென்னைக்குப் பாடிக் காட்ட மாமா கூட்டிப்போனார். அது ஏப்ரல் கடைசி. மே மாதம் தஞ்சாவூருக்கு அவள் அம்மா, என் அத்தை, கூட்டிப்போனாள். ஜூன் தொடக்கத்தில் மாமாவுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. அதனால் திருவனந்தபுரத்துக்கு அத்தையோடு நானும் போனேன். விடிவதற்கு முன் பஸ் ஏறி, ஆரியங்காவு வழியாகப் போய், பத்து மணிக்கு அங்கே இருந்தோம். ஒரு நீண்ட வராந்தாவில் நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொன்றும் வாயை மூடிக்கொண்டு எதையோ பாடிப் பார்த்துக்கொண்டிருந்தது. மொத்தமாகக் கேட்டால் தேன்கூடு மாதிரி இருந்தது. அகிலா உள்ளே போய் எட்டு நிமிடத்தில் வெளியே வந்தாள். எப்படி இருந்தது என்று அத்தை கேட்டாள். மேலே போகும்போது குரல் பிசிறிவிட்டது என்றாள். சென்னையிலும் தஞ்சாவூரிலும் அதுதான் நடந்ததாம். பஸ்ஸில் வெந்நீர் குடித்துக்கொண்டே வந்தாள்.

அதற்கான பதில்தான் வியாழக்கிழமை வந்தது.

அன்று மாலை மாமா வீட்டுக்குப் போனேன். மாமாவின் தம்பி வீரபாகு வந்திருந்தார். கடையத்தில் விவசாயம். உரம் வாங்க தென்காசிக்கு வந்தால் அண்ணன் வீட்டில் காப்பி குடித்துவிட்டுத்தான் போவார். அகிலா அவருக்கு டம்ளர் கொண்டுவந்து வைத்தாள். முகம் கழுவி, பொட்டு வைத்து, சாதாரணமாகத்தான் இருந்தாள். ஒவ்வொரு பதில் வந்த அன்றும் அப்படித்தான் இருப்பாள். மூன்றாம் நாள்தான் தலை சீவாமல் கிடப்பாள்.

"என்னட்டி, மூணாவதும் போச்சாமே," என்றார் வீரபாகு. "பாட்டுப் படிக்கதுக்குக்கூட பரீட்சை வச்சு ஃபெயிலாக்குதாவளா?"

"ஆமா சித்தப்பா. பேசுததுக்கு ஒரு காலேஜ் தொறந்தா மொத எடம் உங்களுக்குத்தான்."

வீரபாகு குலுங்கிச் சிரித்தார். மாமாகூடச் சிரித்தார். அகிலா உள்ளே போனாள். அவள் போனதும் வீரபாகு நாற்காலியை அண்ணன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். குரலைக் குறைத்ததாக அவர் நினைத்திருக்க வேண்டும்.

"வெளிய எடம் கெடைக்கலன்னா என்ன அண்ணே. நம்ம வீட்டுக்குள்ளயே ஒரு எடம் காலியாத்தான இருக்கு. மாப்ளையும் எத்தன நாளைக்குத் தனியாக் கெடப்பாரு."

அடுக்களையில் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது.

மாமா முழங்காலைத் தடவிக்கொண்டார். இல்லை என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. நான் டம்ளரில் மிச்சம் இருந்த காப்பியைக் குடித்தேன். எங்கள் பக்கம் இதெல்லாம் எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும். யாரும் கேட்க மாட்டார்கள். யாரும் மறுக்காமல் இருந்தால் போதும். இரண்டு பிள்ளைகளை விட்டுவிட்டு என் பெரியப்பா மகனின் மனைவி இறந்தபோது அவள் தங்கையைக் கட்டிவைத்தார்கள். பிள்ளைகளுக்காக என்றார்கள். எனக்குப் பிள்ளைகள்கூட இல்லை. பழக்கம்தான் இருக்கிறது.

அகிலா வந்து டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. கேட்டிருக்கிறாள்.

நான் அப்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. அந்த நாட்களில் எனக்கு எதுவுமே தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து தோசை ஊற்றிச் சாப்பிட்டேன்.

நான்காவது கல்லூரி மதுரையில். இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அதற்குப் பிறகு கேட்க வேறு இடம் இல்லை.

சனிக்கிழமை விடியற்காலை அத்தை போன் செய்தாள். இரண்டு நாளாக இவள் சரியாகச் சாப்பிடவில்லை, குற்றாலத்துக்குப் போய் ஒரு குளி குளித்துவிட்டு வந்தால் தலையில் இருப்பது இறங்கும், கூட வருகிறீர்களா என்றாள். எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். காய்ச்சல், கடன், கல்யாணத் தடை, எல்லாவற்றுக்கும் அருவியில் தலையைக் கொடுத்துவிட்டு வரச் சொல்வார்கள்.

ஆட்டோவில் ஐந்தருவிக்குப் போனோம். சாரல் விழுந்துகொண்டிருந்தது. வெளியூர் வண்டிகள் வருவதற்கு முன் ஊர்க்காரர்கள் மட்டும் இருக்கிற நேரம். அவர்கள் இரண்டு பேரும் பெண்கள் பக்கம் போனார்கள். நான் குளிக்கவில்லை. மாற்றுத் துணிப் பையையும் செருப்புகளையும் வைத்துக்கொண்டு கடைப்பக்கம் ஒரு சிமெண்டுப் படியில் உட்கார்ந்திருந்தேன். பழக்கடைக்காரர் தார்ப்பாயில் தேங்கிய தண்ணீரைக் கம்பால் குத்தி வழியவிட்டுக்கொண்டிருந்தார்.

அகிலா முதலில் வந்தாள். அத்தை எண்ணெய் தேய்த்துக்கொண்டு நிற்கிறாளாம், இன்னும் ஒரு முறை நனையாமல் வரமாட்டாளாம். துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு எனக்கு இரண்டு படி கீழே உட்கார்ந்தாள். நான் வாங்கி வைத்திருந்த மங்குஸ்தான் பழங்களில் ஒன்றை எடுத்து ஓட்டை உடைத்தாள். உடைத்துக்கொண்டே வாய்க்குள் எதையோ முனங்கினாள். மதுரைக்குத் தயார் செய்திருந்த பாட்டுதான். அருவிச் சத்தம் அங்கே கொஞ்சம் மட்டுப்பட்டிருந்ததால் கேட்டது.

எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் ஒரே ஒரு சத்தம் தெரியும்.

ஜோதியிடம் மின்சாரச் சுருதிப் பெட்டி ஒன்று இருந்தது. கறுப்புப் பெட்டி, முன்பக்கம் ஒரு குமிழ். குமிழைத் திருகினால் சுருதி ஏறும், இறங்கும். சுருதி என்பது பாடுகிறவர் நிற்கிற தரை. அதைக் கட்டை என்ற கணக்கில் சொல்வார்கள். எண் கூடினால் தரை உயரும். ஜோதியின் சுருதி ஆறு கட்டை. பெண்களில் ஆறு கட்டைக்குப் பாடுகிறவர்கள் குறைவு என்று ஒருமுறை சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் தேட வேண்டாம் என்று, குமிழின் முள் ஆறில் நிற்கிற இடத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டி வைத்திருந்தாள். அரக்கு நிறம்.

அவள் போன பிறகு தினமும் காலையில் அந்தப் பெட்டியைப் போட்டுவிட்டுக் காப்பி போடுவேன். யாரும் பாடாமல் சுருதி மட்டும் ஓடும். பத்து மாதம் அப்படி ஓடியது. அதனால் அந்தச் சத்தம் எங்கே இருக்கிறது என்று என் காதுக்குத் தெரியும், இருட்டில் ஸ்விட்ச் இருக்கும் இடம் கைக்குத் தெரிவதுபோல.

அகிலா முனங்கியது அங்கே இல்லை. கீழே இருந்தது. கீழே இருந்ததால் அவள் குரல் எங்கும் முட்டவில்லை. மேலே போகிற இடம் வந்தது. மங்குஸ்தான் சுளையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டே அந்த இடத்தையும் தாண்டினாள்.

"நீ பாடுதது வேற சுருதியா?" என்றேன்.

"எது?"

"இப்பப் பாடுனது. பெட்டில வருதது இதுல்ல."

அவள் திரும்பிப் பார்த்தாள். என்னிடமிருந்து பாட்டைப் பற்றி ஒரு கேள்வி வரும் என்று எதிர்பார்த்திருக்க மாட்டாள். எனக்கு வேறு வழி தெரியாததால் வாயை மூடிக்கொண்டு பெட்டியின் சத்தத்தை முனங்கிக் காட்டினேன். பழக்கடைக்காரர் கம்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

அகிலா சிரித்தாள். "பரவால்லியே அத்தான். சுருதி சேந்துட்டீங்க. நாலு காலேஜும் உங்கள எடுத்துக்கும்."

"அது ஆறு. நீ பாடுனது?"

அவள் உள்ளுக்குள் ஒரு முறை பாடிப் பார்த்தாள். "நாலரை இருக்கும். சும்மா பாடுனா அங்கனதான் போவுது."

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். திருவனந்தபுரத்தில் உள்ளே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஓர் அம்மா அவள் பாடி முடித்ததும், இந்தச் சுருதி யார் போட்டுக்கொடுத்தது என்று மலையாளம் கலந்த தமிழில் கேட்டாளாம். அக்கா என்று சொன்னாளாம். சின்ன வயதில் சரியாக இருந்திருக்கும், இப்போது குரல் இறங்கிவிட்டது, சுருதியை இறக்கு, இல்லையென்றால் தொண்டை போய்விடும் என்று அந்த அம்மா சொன்னாளாம். தஞ்சாவூரிலும் ஒருவர் அதையே கேட்டாராம்.

"அப்பவே மாத்திருக்கலாம்ல?"

அகிலா பழத்தின் ஓடுகளைப் பையில் போட்டாள். "நீங்க திருகக் கூடாதுன்னு சொன்னீங்கல்லா."

நான் அப்படிச் சொன்னது எனக்கு நினைவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் நினைவு வந்தது. பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியை அவளிடம் கொடுத்தேன். கல்லூரிக்குப் பாடிப் பழக வேண்டும் என்று கேட்டிருந்தாள். ஜோதியின் துண்டில் சுற்றி வாசலில் வைத்துக் கொடுத்தேன். கொடுக்கும்போது சொன்னேன். இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், திருகாதே.

பெட்டியைப் பற்றித்தான் சொன்னேன். அவளைப் பற்றிச் சொல்லவில்லை. ஆனால் சொன்னது நான்தான்.

"போன்லயே ஆப் இருக்கு அத்தான்," என்றாள் அகிலா. "அதுல நாலரை வச்சு ரெண்டு நாளு பாடுனேன். அம்மா அடுக்களைலருந்து எட்டிப் பாத்தா. என்னட்டி, அக்கா கொரல் மாதிரியே இல்லியேன்னா. அதுக்கப்புறம் பாடல."

அத்தை ஈரச் சேலையோடு வந்துகொண்டிருந்தாள். நாங்கள் பேச்சை நிறுத்தினோம்.

ஆட்டோவில் திரும்பும்போது மேலகரத்தில் என் வீட்டு வாசல் வந்தது. நான் இறங்கவில்லை. அவர்களோடு தென்காசிக்கே போனேன்.

பெட்டி அகிலாவின் அறையில் ஜன்னல் ஓரம் இருந்தது. நான் கொடுத்த துண்டு மடித்து அதன் அடியில் விரிக்கப்பட்டிருந்தது. ஸ்விட்சைப் போட்டேன். ஆறு கட்டை ஓடியது. நான்கு மாதத்துக்குப் பிறகு கேட்கிறேன். பிறகு குமிழைப் பிடித்தேன். இறுகியிருந்தது. ஆறிலிருந்து நாலரைக்கு மூன்று சொடுக்கு. ஐந்தரை, ஐந்து, நாலரை. ஒவ்வொரு சொடுக்குக்கும் சத்தம் ஒரு படி இறங்கியது. முள் நாலரைக்கு வந்து நின்றது. பொட்டு அதன் இடத்திலேயே தனியாக இருந்தது.

"இத எடுத்துறவா?" என்று அகிலா கேட்டாள்.

"இருக்கட்டும். அது என்ன செய்யுது."

அவள் உட்கார்ந்து பாடினாள். முதல் முறை தடுமாறினாள். கை தொடையில் தாளம் போட்டது, வாய் பழைய உயரத்துக்கே போகப் பார்த்தது. நிறுத்தினாள். கண்ணை மூடிக்கொண்டு சுருதியை மட்டும் கேட்டாள். மறுபடி தொடங்கினாள். இந்த முறை நின்றாள்.

அத்தை ஈரத் தலையோடு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாட்டு முடிந்ததும் என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"யாரு கொரல் மாதிரி இருக்கு இது?"

"அகிலா கொரல் அத்தை," என்றேன்.

அத்தை தலையை ஆட்டினாள். புரிந்து ஆட்டினாளா, அழுகையை அடக்க ஆட்டினாளா என்று தெரியவில்லை. அடுக்களைக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அகிலா பாடும்போது எட்டிப் பார்க்கவில்லை.

மதுரைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அது போதாது என்று எனக்கே தெரிந்தது. அகிலாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். உச்சியில் பிசிறு நின்றுவிட்டது. ஆனால் இப்போது கீழ்ப்பக்கம் குரல் தேய்ந்தது. அந்தப் பக்கம் இதுவரை அவள் போனதே இல்லை. ஒன்பது வருடம் பழகிய பாட்டுகளை வேறு வீட்டுக்குச் சாமான் மாற்றுவதுபோல ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தாள். சில சரியாக உட்கார்ந்தன. சில உட்காரவில்லை. அவற்றை ஒதுக்கினாள்.

மதுரைக்கும் நானும் அத்தையும் போனோம். அங்கே ஒவ்வொருவரும் உள்ளே போய் ஏழு நிமிடம், எட்டு நிமிடத்தில் வந்துகொண்டிருந்தார்கள். மூடிய கதவு. ஒன்றும் கேட்கவில்லை. அகிலா போனபோது மணி பார்த்தேன். பத்தொன்பது நிமிடம் கழித்து வந்தாள். இன்னொரு பாட்டு பாடச் சொன்னார்களாம். பிறகு ஒரு ராகத்தைச் சொல்லி, அங்கேயே ஸ்வரங்களைக் கோத்துக் கற்பனை ஸ்வரம் பாடச் சொன்னார்களாம். அதில் இரண்டு இடத்தில் தாளம் விட்டுவிட்டதாம்.

"தப்பு பண்ணுனேன் அத்தான்," என்றாள். "ஆனா தொண்ட வலிக்கல."

மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் மூன்று பேரும் பொங்கல் சாப்பிட்டோம். அவள் இரண்டாம் முறை சாம்பார் கேட்டு வாங்கினாள். வெந்நீர் கேட்கவில்லை.

ஜூலை இரண்டாம் தேதி பதில் வந்தது. நன்றி, போட்டி கடுமை, வருந்துகிறோம், வாழ்த்துகள். நான்கு வரி. பத்தொன்பது நிமிடத்தைப் பற்றி அதில் எதுவும் இல்லை.

இந்த முறை அனுப்பும்போது அகிலா கீழே ஒரு வரி சேர்த்திருந்தாள். 'நாலும் முடிஞ்சது.'

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொல்லி மாமா போன் செய்தார். போனேன். வீரபாகுவும் இருந்தார். இந்த முறை உரம் வாங்க வரவில்லை. வெள்ளை வேட்டி கட்டி, பையில் பஞ்சாங்கத்தோடு வந்திருந்தார். சாப்பாடு முடிந்து, வெற்றிலைத் தட்டு வந்தது. அகிலா உள் அறையில் இருந்தாள். கதவு பாதி திறந்திருந்தது. அத்தை அடுக்களை வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

மாமா தொண்டையைச் செருமினார். "நாலும் பாத்தாச்சு மாப்ள. நாளைக்குக் காலேஜ்ல கையெழுத்துப் போடணும்."

"அது பாட்டுக்கு நடக்கட்டும்," என்றார் வீரபாகு. "பி.காம்தான, கட்டிக் குடுத்தப் பொறவும் படிக்கலாம். ஆவணில நாளு நல்லா இருக்கு. இனிமே என்னத்துக்குத் தள்ளிப் போடணும்."

எல்லோரும் அமைதியாக இருந்தார்கள். போன முறையும் இதே அமைதிதான். அதற்குள் ஒருவர் ஏதாவது சொல்லாவிட்டால் அதுவே பேசி முடித்ததாகிவிடும். நான் பாதி திறந்திருந்த கதவைப் பார்த்தேன். பிறகு மாமாவைப் பார்த்தேன்.

"அது வேண்டாம் மாமா," என்றேன்.

மாமா நிமிர்ந்தார்.

"ஜோதி சுருதிலயே அவள ஒரு வருஷமா பாட வச்சிருக்கோம். நான்தான் பெட்டியத் திருகாதன்னு சொன்னேன். மூணு காலேஜ் போச்சு. இப்ப ஜோதி வீட்டுலயும் கொண்டுபோய் வைக்கணுமா? அவ ஜோதி இல்ல மாமா."

இவ்வளவு நீளமாக நான் அந்த வீட்டில் பேசியது அதுதான் முதல் தடவை. வெற்றிலைத் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன்.

வீரபாகு கோபப்படவில்லை. உண்மையாகவே கவலைப்பட்டார். "அப்போ உங்க கதி என்ன மாப்ள? காப்பித்தண்ணி வச்சுக் குடுக்கக்கூட ஆள் இல்லாம."

"காப்பி போடப் படிச்சிட்டேன் மாமா. தோசைதான் இன்னும் வட்டமா வரல."

அடுக்களை வாசலில் அத்தை சிரித்தாள். சிரித்துவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

உள் அறைக் கதவு முழுதாகத் திறந்தது. அகிலா வந்து அப்பாவுக்கு எதிரே நின்றாள். அழுதிருக்கவில்லை. தலை சீவியிருந்தாள்.

"நாளைக்கு பி.காம் சேருதேன்ப்பா. சொன்ன சொல்லு சொன்னதுதான். ஆனா சாயங்காலம் செங்கோட்டைல ஒரு டீச்சர்ட்ட பாட்டுக்குப் போவேன். நேத்து போன்ல கேட்டேன், வரச் சொல்லிட்டாங்க. அடுத்த ஏப்ரல்ல மறுபடி நாலு எடத்துக்கு எழுதுவேன். கெடச்சா பி.காம விட்டுட்டுப் போயிருவேன்."

"கெடைக்கலைன்னா?" என்றார் மாமா.

"மூணாவது வாட்டி எழுதுவேன்."

மாமா முழங்காலைத் தடவினார். நான் காத்திருந்தேன். வீரபாகு பஞ்சாங்கத்தைப் பையின் அடியில் தள்ளி, மேலே துண்டைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"செங்கோட்டைலருந்து திரும்புததுக்குக் கடைசி பஸ் எத்தன மணிக்கு?" என்று மாமா கேட்டார்.

அகிலா சொன்னாள். ஏழரைக்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்றார். சரி என்றாள். மாமா வெற்றிலையில் சுண்ணாம்பு தடவ ஆரம்பித்தார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

ஆகஸ்டில் ஒரு நாள் அகிலா பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தாள். செங்கோட்டை டீச்சர் வீட்டில் தம்புரா இருக்கிறதாம், வீட்டில் பழகப் போன் போதுமாம். அந்த டீச்சர் ரொம்பக் கண்டிப்பு என்றாள். முதல் பாடத்திலிருந்து மறுபடி தொடங்கச் சொல்லியிருக்கிறாராம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார வைக்கிறாராம். சொல்லும்போது முகத்தைச் சுளித்தாள். ஆனால் ஒரு நாளும் தவறாமல் போகிறாள் என்று அத்தை சொன்னாள். பெட்டியை அதே துண்டில்தான் சுற்றியிருந்தாள். துவைத்து மடித்த துண்டு.

முன்னறையில் பழைய இடத்தில் வைத்தேன். முள் நாலரையில் இருந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு மூன்று சொடுக்கு திருகி, பொட்டு இருக்கிற இடத்துக்குக் கொண்டுவந்தேன். இந்த வீட்டில் அது அங்கே இருக்கலாம்.

மறுபடி காலையில் பெட்டியைப் போட்டுவிட்டுக் காப்பி போட ஆரம்பித்தேன். போன வாரம் ஒரு காலை, பால் அடுப்பில் இருந்தபோது போனில் செய்தி வந்த சத்தம் கேட்டது. அகிலா பாடி அனுப்பியிருந்தாள். ஒரு நிமிடம் பத்து விநாடி. கீழே ஒரு வரி: 'டீச்சர் நேத்து முதல் தடவையா நல்லாருக்குன்னு சொன்னாங்க. கேட்டுட்டுச் சொல்லுங்க அத்தான்.'

அழுத்தினேன். நாலரைக் கட்டையில் அவள் தொடங்கினாள். முன்னறையில் ஆறு கட்டை ஓடிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒன்றோடொன்று இடித்தன. எதுவும் சரியாகக் கேட்கவில்லை.

அடுப்பைக் குறைத்தேன். முன்னறைக்குப் போய்ப் பெட்டியை அணைத்தேன். பிறகு அங்கேயே உட்கார்ந்து, முதலிலிருந்து கேட்டேன்.